ஜெபிக்க உட்கார்ந்தாலே தூக்கம் வருகிறதே!

கேள்வி: எனக்கு அம்பத்தூரில் வேலை. காலை நாலரைக்கு எழுந்து சமையல், அப்புறம் குடும்ப ஜெபம், அடித்துப் பிடித்து மின்சார ரயில். வீடு திரும்ப ஏழரை ஆகிவிடும். பிள்ளைகளுக்குப் பாடம், மாமியாருக்கு மாத்திரை, பாத்திரம் எல்லாம் முடித்துப் பதினோரு மணிக்கு பைபிளைத் திறந்தால் பாதி அதிகாரத்திலேயே தலை தொங்கிவிடுகிறது. போதாததற்கு சபையில் புதன்கிழமை உபவாச ஜெபம், மாதத்தின் கடைசி வெள்ளியில் முழு இரவு ஜெபம். ஜெபத்தில் தூங்குவது சாத்தானின் வேலை என்று எங்கள் ஜெபக்குழு அக்கா சொல்கிறார். என் விசுவாசம் செத்துப்போய்விட்டதா?
– ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: சகோதரி, நாலரைக்கு எழுந்தவருக்கு இரவு பதினோரு மணிக்குத் தூக்கம் வராவிட்டால்தான் நான் கவலைப்படுவேன். இதில் சாத்தானை எதற்கு இழுக்க வேண்டும்?

1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். எலியா தீர்க்கதரிசி கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய காரியம் செய்து முடித்தவர், ராணி யேசபேலுக்குப் பயந்து ஓடி, வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, 'போதும் கர்த்தாவே' என்று சாவைக் கேட்கிறார், கேட்டுவிட்டு அப்படியே படுத்துத் தூங்கிவிடுகிறார். தூதன் வந்து தட்டி எழுப்புகிறான். ஏன் தூங்கினாய், ஏன் ஜெபிக்கவில்லை என்று ஒரு வார்த்தை கிடையாது. தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் இருக்கின்றன, எழுந்து சாப்பிடு என்கிறான். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்குகிறார். மறுபடியும் தட்டி எழுப்பி, இன்னும் வெகுதூரம் போக வேண்டியிருக்கிறது, சாப்பிடு என்கிறான், அவ்வளவுதான். 'எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்' என்ற கேள்வி நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் வருகிறது. முதலில் சோறும் தூக்கமும், பேச்சு அப்புறம்.

அந்த அக்கா அடுத்து கெத்செமனே தோட்டத்தை எடுப்பார், எனக்குத் தெரியும். சீஷர்கள் தூங்கியதும், விழித்திருந்து ஜெபியுங்கள் என்று இயேசு சொன்னதும் உண்மைதான். ஆனால் அதே வசனத்தில்தான் ஆவி உற்சாகமுள்ளது, மாம்சமோ பலவீனமுள்ளது என்றும் இருக்கிறது, அதை யாரும் வாசிப்பதில்லை. லூக்காவோ ஒரு படி மேலே போய், அவர்கள் துக்கத்தினாலே தூங்கினார்கள் என்று எழுதுகிறார்.

சரி, என்ன செய்யலாம்? பதினோரு மணி பைபிளைக் கொஞ்ச நாளைக்கு விட்டுவிடுங்கள், அந்த நேரத்தில் படுங்கள். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் சமையலறைக்குப் போகாமல், செருப்பைக் கழற்றிவிட்டு, செல்போனை வேறு அறையில் வைத்துவிட்டு, ஒரு நாற்காலியில் பத்து நிமிடம் உட்காருங்கள். வேண்டுதல் பட்டியல் எதுவும் வேண்டாம். மூச்சை இழுக்கும்போது மனதுக்குள் 'கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்', விடும்போது 'நான் தாழ்ச்சியடையேன்'. அந்த ஒரு வரி போதும், இருபத்து மூன்றாம் சங்கீதம் முழுவதையும் சொல்லி முடிக்க வேண்டிய அவசியமில்லை. நாளைக்கு டிபன் பாக்ஸுக்கு என்ன என்று மனசு ஓடும், ஓடத்தான் செய்யும், உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாமல் அந்த வரிக்குத் திரும்புங்கள். அதிலும் தூங்கிவிட்டால்? பிரான்சில் 24 வயதிலேயே 1897-இல் இறந்துபோன குழந்தை தெரேசா, ஜெப நேரத்தில் அடிக்கடி தூங்கிவிடுவாராம். பெற்றவர்களுக்குப் பிள்ளை விழித்திருந்தாலும் தூங்கினாலும் பிரியம்தானே என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். அவரைத்தான் கத்தோலிக்கத் திருச்சபை புனிதராக வைத்திருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் மாமியார் வருகிறார், பிள்ளைகள் வருகிறார்கள், சபை அக்காகூட வருகிறார், வீட்டுக்காரரை மட்டும் காணோம். அந்தப் பாத்திரத்தை அவர் கழுவலாம். பத்து நிமிட ஜெபத்தால் ஆகாத சில காரியங்கள் அதனால் ஆகும். போதகரிடமும் நேராகப் பேசி, முழு இரவு ஜெபத்துக்குக் கொஞ்ச நாள் வரமாட்டேன் என்று சொல்லிவிடுங்கள். கையோடு ரத்தப் பரிசோதனை ஒன்று: ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, பி12. விசுவாசக் குறைவு என்று நினைப்பது ரத்தசோகையாகவும் இருக்கலாம்.

கேள்வி: வாயைத் திறக்காமல் கண்ணை மூடிச் சும்மா உட்கார்ந்திருப்பதெல்லாம் ஜெபமா? மனதைக் காலியாக வைத்தால் பிசாசு புகுந்துவிடும் என்கிறார்களே?
– ஒரு வாசகர், தாம்பரம்

பதில்: ஐயா, இந்தச் சந்தேகம் பழையது. சாமுவேலின் தாய் அன்னாள் உதடு மட்டும் அசைய, சத்தம் வராமல் ஜெபித்தபோது, ஆசாரியன் ஏலியே அவளைக் குடித்திருக்கிறாள் என்றுதான் நினைத்தான். ஈசாக்கு சாயங்காலத்தில் தியானம் பண்ண வயல்வெளிக்குப் போனதாக ஆதியாகமம் 24-இல் இருக்கிறது. மனதைக் காலியாக்கச் சொல்லி நானும் சொல்லவில்லை, ஒரே ஒரு வசனத்தை அதில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். எகிப்து வனாந்தரத் துறவிகளிடம் கற்றுக்கொண்ட ஜான் காசியன், சுமார் 1600 ஆண்டுகளுக்கு முன்பே, 70-ஆம் சங்கீதத்தின் முதல் வசனத்தை நாள் முழுக்கத் திரும்பத் திரும்பச் சொல்லும் வழக்கத்தை எழுதி வைத்திருக்கிறார். தேவனே என்னை விடுவியும், எனக்குச் சகாயம் செய்யத் தீவிரியும் என்கிற அந்த வசனம்தான். சத்தமாக ஜெபிக்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை, அவர்கள் ஜெபிக்கட்டும். ஆனால் களைத்துப்போனவருக்குத் தொண்டையும் களைத்துத்தானே இருக்கும்.

கேள்வி: ஐடி கம்பெனியில் நைட் ஷிப்ட். ரூமில் நாலு பேர், பகலெல்லாம் டிவி. அமைதியாக உட்கார இடமே இல்லை. அதிகாலை ஜெபமும் முடியவில்லை.
– ஒரு வாசகர், வேளச்சேரி

பதில்: தம்பி, அதிகாலையில் நீங்கள் கம்பெனி வண்டியில் வந்துகொண்டிருப்பீர்கள், அதற்கெல்லாம் மனசு வருத்தப்படாதீர்கள். 134-ஆம் சங்கீதம் இராக்காலத்தில் ஆலயத்தில் நிற்கிறவர்களுக்கென்றே உள்ளது, மூன்றே வசனம், ஷிப்டில் டீ குடிக்கப் போகும்போது சொல்லலாம். இடம் வேண்டுமென்றால் சின்னமலை உங்களுக்குப் பக்கம், இயேசுவின் சீஷர் தோமா தங்கியிருந்ததாகச் சொல்லும் சின்னக் குகை அங்கேதான் இருக்கிறது. பறக்கும் ரயிலில் திருமயிலையில் இறங்கினால் லஸ் ஆலயம், நாம் காட்டுமாதா கோயில் என்போமே, அது. 1516-இல் போர்ச்சுகீசியர் கட்டியது. எழும்பூர் ரயில் நிலையத்துக்குக் கொஞ்ச தூரத்தில் 1821-இல் கட்டி முடித்த புனித அந்திரேயா ஆலயம். அதன் வட்டமான கூடத்தில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தால் நீலக் குவிமாடம் முழுக்கத் தங்க நட்சத்திரம், எனக்கு அதுதான் பிடித்த இடம். வாரநாளில் போங்கள், திறந்திருக்கும் நேரத்தை மட்டும் முன்னாலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். வேறு சபைக்காரர் ஆயிற்றே என்று தயங்க வேண்டாம், பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவரை யாரும் எழுப்பிச் சபைப் பெயர் கேட்பதில்லை. ஆனால் முதலில் அறையின் ஜன்னலுக்கு ஒரு கனமான திரை வாங்கி மாட்டுங்கள், காதுக்குப் பஞ்சு வைத்துக்கொண்டு தூங்குங்கள்.

கேள்வி: மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். ஜெபிக்கிறவள் மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசமா?
– ஒரு வாசகி, கொளத்தூர்

பதில்: இல்லை. லூக்காவே வைத்தியர்தான், பவுலும் தீமோத்தேயுவின் வயிற்றுக்கு மருந்து சொல்லியிருக்கிறார். யார் சொன்னாலும், ஊழியக்காரர் சொன்னாலும், டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். ரொம்ப முடியாமல் போகிற நாளில் 14416-க்குப் போன் செய்யுங்கள், அரசாங்கத்தின் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.