மழை வந்தால் அழுகை வருகிறது

அன்புள்ள மேடம்,

தென்னாப்பிரிக்காவில் இருக்கிற டர்பனுக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். வீட்டுக்காரருக்கு இங்கே கம்பெனி வேலை, எனக்குத் துணைவி விசா, அதில் வேலைக்குப் போக முடியாது. ஊரில் ஆறு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தேன்.

இங்கே செப்டம்பர், அக்டோபர்தான் வசந்தகாலம். ஜகரண்டா மரம் பூத்து ரோடெல்லாம் ஊதாவாகக் கிடக்கிறது, பார்க்க அழகுதான், ஆனால் கூடவே மழையும் வந்துவிடுகிறது. கொட்டித் தீர்த்துவிட்டுப் போகிற மழை இல்லை, மூன்று நாள் நான்கு நாள் விடாமல் நசநசவென்று தூறல். துணி காயாது, ஜன்னல் திறக்க முடியாது, காலையில் அவர் கிளம்பினால் சாயங்காலம் வரை நானும் சுவரும்தான்.

சனிக்கிழமை மட்டும் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிற பங்களாதேஷ் மார்க்கெட்டுக்குக் கூட்டிப் போவார். வாரம் முழுக்க அதற்காகத்தான் காத்திருப்பேன். போன மாதம் புரட்டாசி என்பதால் நல்ல கூட்டம், இங்குள்ள தமிழர்கள் அந்த மாதம் கறி மீன் தொடுவதில்லை, கீரையும் காயும் அள்ளிக்கொண்டு போகிறார்கள். ஒரு கடையில் வயதான அம்மா, நெற்றியில் விபூதி, அப்படியே என் பெரியம்மா முகம். எதிரே மண் ஒட்டிய கிழங்கு குவியலாக இருந்தது. "சேப்பங்கிழங்கா!" என்று கத்தியே விட்டேன். அவர் சிரித்துக்கொண்டு "மடும்பி" என்றார், இங்கே அதற்கு அதுதான் பெயர். நான் கடகடவென்று தமிழில் பேச ஆரம்பித்துவிட்டேன், ஊர், அம்மா, புளிக்குழம்பு என்று என்னென்னவோ. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, தனக்குத் தமிழ் வராது, ஆயா (பாட்டி) பேசுவார், அவரோடு போய்விட்டது என்று ஆங்கிலத்தில் சொன்னார். காரில் வரும்போது அழுதுகொண்டே வந்தேன்.

போன சனிக்கிழமை மழை. "இந்த ஈரத்தில் எதற்கு, சூப்பர்மார்க்கெட்டில் வாங்கிக்கலாம்" என்றார் வீட்டுக்காரர். அடுப்படியில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன். "மழைக்கெல்லாம் யாராவது அழுவாங்களா, உனக்கு இங்க என்ன குறை?" என்றார். தங்கமான மனிதர்தான் மேடம், குறை ஒன்றும் வைக்கவில்லை. அப்புறம் எனக்கு ஏன் இப்படி? இது மனநோயா?

பெயர் வேண்டாம், டர்பன்

அன்புத் தோழிக்கு,

என்ன குறை என்று அவர் கேட்டதற்கு உங்களால் பதில் சொல்ல முடியவில்லை, அதனால் நான் சொல்கிறேன். ஊரில் தெருவில் இறங்கினால் நான்கு பேராவது "டீச்சர்" என்று கூப்பிட்டிருப்பார்கள். ஒன்றரை வருடமாக அந்தச் சொல் உங்கள் காதில் விழவில்லை. இது சின்னக் குறை இல்லை.

மழை விஷயத்துக்கு வருகிறேன். காலண்டரைப் பாருங்கள், டர்பனின் வசந்தகால மழை வருவது புரட்டாசி, ஐப்பசியில். நம் ஊரில் அடைமழையும் தீபாவளியும் வருகிற அதே நாட்கள். அந்த மழைக்கு ஊரில் பள்ளிக்கூடம் லீவு விடும், வீடு நிறைய ஆள் இருக்கும், ஒருவர் பஜ்ஜி போட இன்னொருவர் மின்சாரம் போனதற்குத் திட்டிக்கொண்டிருப்பார். அங்கே மாதம் அதே, மழையும் அதே, வீட்டில் மட்டும் ஆள் இல்லை. நீங்கள் அழுவது மழைக்கு இல்லை அம்மா.

அந்த மடும்பிக்காரம்மா பற்றி எழுதியதை இரண்டு மூன்று தடவை படித்தேன். 1860இல் மதராஸிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பல் ஏறிப் போனவர்களின் வழியில் வந்தவராக அவர் இருக்கலாம். தலைமுறை தலைமுறையாகப் பேச்சு கழன்று போய்விட்டது, புரட்டாசியும் விபூதியும் நிலைத்துவிட்டன. நீங்கள் அவர் முகத்தில் பெரியம்மாவைப் பார்த்தீர்கள், கொஞ்ச நேரத்தில் இழந்தீர்கள், அழுகை வராமல் என்ன செய்யும்? ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா, உங்கள் தமிழ் காதில் விழுந்ததும் அவருக்குத் தன் ஆயா ஞாபகம் வந்திருக்கிறது. கையைப் பிடித்தது அவர்தான்.

எனக்குக் கவலை தருவது, வாரத்தின் ஏழு நாளையும் ஒரு சனிக்கிழமையில் தொங்கவிட்டிருக்கிறீர்களே, அதுதான். மழை வந்தால் எல்லாமே போய்விடுகிறது. வீட்டுக்காரரிடம் பேசுங்கள், ஆனால் அழுகிற நேரத்தில் வேண்டாம், மழை இல்லாத ஒரு ராத்திரி சாப்பிட்டு முடித்த பிறகு. "மார்க்கெட் போகணும்" என்று சொன்னால் அவர் காய் வாங்குகிற பிரச்சினை என்றுதான் நினைப்பார், வேறு கடை காட்டுவார். "காலையிலிருந்து நீங்கள் வரும்வரை ஒருத்தரிடமும் பேசாமல் இருக்கிறேன்" என்று சொல்லுங்கள். அது அவருக்குத் தெரியாமலே இருக்கலாம்.

கார் ஓட்டக் கற்றுக்கொள்ளுங்கள். அங்கேயும் நம் ஊர் மாதிரி இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். தனியாக அனுப்பப் பயமாக இருக்கிறது என்று அவர் சொன்னால் அந்தப் பயத்தில் நியாயம் உண்டு, எந்த ஏரியா, எந்த நேரம் என்று இருவரும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். பக்கத்துக் கோயிலில் குழந்தைகளுக்குத் தமிழோ கணக்கோ சம்பளமில்லாமல் சொல்லித்தர முடியுமா என்று கேளுங்கள், விசா விதியையும் முதலில் பார்த்துவிடுங்கள். இந்திய நேரம் மூன்றரை மணி முன்னால் ஓடுவதால் அவர் வீடு வந்து நீங்கள் போனை எடுக்கும்போது ஊரில் அம்மா தூங்கப் போயிருப்பார். மத்தியானம் மூன்று மணிக்குக் கூப்பிடுங்கள், ஊரில் ஆறரை, விளக்கு வைக்கிற நேரம், உங்களுக்கும் அதுதான் பொழுது போகாத நேரம்.

மனநோயா என்று கேட்டீர்கள். கடிதத்தைப் படித்த வரையில் இது பிரிவின் துக்கம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் அநேகமாக எல்லா நாளும் மனம் கனத்தே கிடந்தால், தூக்கமும் பசியும் கெட்டால், மார்க்கெட்கூட வேண்டாம் என்று தோன்றினால் டாக்டரைப் பாருங்கள். வாழ்ந்து என்ன என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும் அன்றைக்கே வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள், தள்ளிப்போட வேண்டாம். அங்கே சடாக் என்ற அமைப்பு மனச்சோர்வு உள்ளவர்களுக்காகத் தொலைபேசி உதவி நடத்துகிறது, அவர்களையும் கூப்பிடலாம்.

சரி, வருகிற சனிக்கிழமை தூறினாலும் குடை எடுத்துக்கொண்டு போய்வாருங்கள். அந்த அம்மாவிடம் மடும்பியை எப்படிச் சமைப்பார், அவருடைய ஆயா எப்படிச் சமைப்பார் என்று கேட்டுப் பாருங்கள், ஆங்கிலத்திலேயே கேளுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.