குளியலறையில் பாமாயில்: ஒரு கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

நாங்கள் கே.ஆர்.புரத்தில் இருக்கிறோம், சொந்த ஊர் சேலம். மகள் ஏழாம் வகுப்பு. போன மாதம் பள்ளியில் ஒராங்குட்டான்களைப் பற்றி ஒரு படம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தவள் நேராகக் குளியலறைக்குப் போனாள். சோப்பு, ஷாம்பூ, க்ரீம் எல்லாவற்றின் அட்டையையும் படித்து, 'பாம்' என்று எழுதியிருந்ததையெல்லாம் ஒரு பையில் போட்டுக் கட்டிவிட்டாள். இனி தொடமாட்டாளாம். இந்திராநகரில் ஒரு ஆர்கானிக் கடையில் பாமாயில் சேராத சோப்பு கிடைத்தது, ஒரு கட்டி 280 ரூபாய். வாங்கிவிட்டேன். மாமியார் சிரிக்கிறார். "ஊர்ல ரேஷன் பாமாயில்லதான் வடை சுடறோம். அதுக்கு அழாத குரங்கு இவ சோப்புக்கா அழப்போகுது?" என்கிறார்.

எனக்கு இரண்டு பேர் சொல்வதும் சரியென்றே படுகிறது. நாங்கள் செய்வதில் பயன் உண்டா, அல்லது காசிருப்பவர்கள் மன நிம்மதிக்காகச் செய்துகொள்வதா? தேங்காயெண்ணெய் சோப்புக்கு மாறினால் போதுமா? மகள் கம்பெனிக்குக் கடிதம் எழுதப்போகிறேன் என்கிறாள். எழுதினால் யாராவது படிப்பார்களா?

ஆர்., பெங்களூரு

*

அன்புள்ள ஆர்,

கணக்கு என்று பார்த்தால் உங்கள் மாமியார் பக்கம்தான் நியாயம். இந்தியா ஆண்டுக்கு 80, 90 லட்சம் டன் பாமாயில் இறக்குமதி செய்கிறது. உலகத்தில் வேறெந்த நாடும் இவ்வளவு வாங்குவதில்லை. ஆளுக்குப் பங்கு போட்டால் ஆறு கிலோ வரும், நாலு பேர் உள்ள வீட்டுக்கு 24 கிலோ. அதில் பெரும்பகுதி வயிற்றுக்குத்தான் போகிறது. ஹோட்டல் பூரி, பேக்கரி பப்ஸ், பிஸ்கட், சிப்ஸ், தமிழ்நாட்டு ரேஷன் கடையில் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு லிட்டர் பாக்கெட் எல்லாம் இதில் சேர்ந்தவை.

சோப்பு இதில் எவ்வளவு? உங்கள் வீட்டில் மாதம் நூறு கிராம் கட்டி நாலு தீர்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் தரக் குளியல் சோப்பில் கொழுப்புப் பொருள் 76 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது விதி, அட்டையில் டி.எஃப்.எம். என்று போட்டிருப்பது அதைத்தான். அத்தனையும் பனையிலிருந்து (நம்மூர்ப் பனையல்ல, பாமாயில் தரும் எண்ணெய்ப்பனை) வந்தது என்று வைத்தாலும் வருடத்துக்கு மூன்றரை கிலோ, அதற்குக் கொஞ்சம் மேலே. உங்கள் மகள் பையில் கட்டிவைத்தது சின்னப் பங்கு. பெரிய பங்கு சமையலறையிலும் தெருமுனை பேக்கரியிலும் இருக்கிறது.

அப்புறம், அந்தப் பையில் எல்லாமே அகப்பட்டிருக்கும் என்று சொல்ல முடியாது. சோப்பு அட்டையில் சோடியம் பால்மேட், சோடியம் பாம் கெர்னலேட் என்று இருப்பது கண்ணில் படும். ஷாம்பூவிலும் பற்பசையிலும் நுரைக்காகச் சேர்க்கும் சோடியம் லாரைல் சல்ஃபேட்டின் பெயரில் பனை கிடையாது. அது பனங்கொட்டை எண்ணெயிலிருந்தும் வரலாம், தேங்காயெண்ணெயிலிருந்தும் வரலாம், அட்டையில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான். க்ரீமில் உள்ள சீட்டைல் ஆல்கஹால், ஸ்டியரிக் ஆசிட், கிளிசரின் எல்லாம் அப்படியே. பாமாயிலே இல்லாத குளியலறை வேண்டுமென்றால் பயத்தம்மாவுக்கும் சீயக்காய்க்கும் திரும்ப வேண்டும். முடிந்தவர்கள் திரும்பலாம், நல்லதுதான். காலை எட்டு மணிக்கு அவுட்டர் ரிங் ரோடு பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்களிடம் அதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

தேங்காயெண்ணெய்க்கு மாறினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மகளையும் பக்கத்தில் உட்காரவைத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். எண்ணெய்ப்பனை ஒரு ஹெக்டேரில் ஆண்டுக்கு மூன்று டன்னுக்கு மேல் எண்ணெய் தருகிறது. தென்னை சராசரியாக முக்கால் டன்கூடத் தருவதில்லை. சூரியகாந்தியும் அந்த அளவுதான், சோயா இன்னும் குறைவு. உங்கள் மூன்றரை கிலோ சோப்புக் கொழுப்புக்குப் பனை என்றால் ஒரு படுக்கையறை அளவு நிலம் போதும். தென்னை என்றால் ஒரு ஒன் பி.எச்.கே. வீட்டளவு வேண்டும். பொள்ளாச்சியிலும் துமகூரிலும் ஏற்கனவே நிற்கிற தென்னையிலிருந்து நாலைந்து வீட்டுக்குச் சோப்பு செய்யலாம், அதனால் காடு அழியாது. ஊரே மாறினால் கதை வேறு. தென்னையும் ஈரமான வெப்ப நாட்டு மரம். பிலிப்பைன்ஸிலும் இந்தோனேசியாவிலும் அதற்கும் நிலம் தேடுவார்கள். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐ.யு.சி.என். 2018ல் வெளியிட்ட அறிக்கையும் இதைத்தான் சொன்னது. பாமாயிலை ஒதுக்கினால், அதே அளவு எண்ணெய்க்கு மற்ற பயிர்கள் ஒன்பது மடங்கு வரை நிலம் கேட்கும், அழிவு வேறு காட்டுக்கு இடம் மாறும்.

அதற்காக உங்கள் மகள் பார்த்த படம் பொய்யாகிவிடாது. எண்ணெய்ப்பனைக்கு நிலநடுக்கோட்டை ஒட்டிய, மழை கொட்டும் தாழ்நிலம் வேண்டும். போர்னியோவிலும் சுமத்ராவிலும் ஒராங்குட்டான் அதிகம் வாழ்வதும் அதே தாழ்நிலக் காடுகளில்தான். ஒரே நிலத்துக்கு இரண்டு பேர் போட்டி, ஒருவர் கையில் புல்டோசர். அங்கே பீட் எனப்படும் சதுப்பு நிலங்கள் உண்டு, இலையும் மரமும் ஆயிரக்கணக்கான வருடங்களாக மக்காமல் அடியடியாகத் தேங்கிக் கிடக்கும். நீரை வடித்துவிட்டால் அவை காய்ந்துபோகும். தீப்பிடித்தால் மண்ணுக்கடியிலேயே வாரக்கணக்கில் புகைந்துகொண்டிருக்கும். 2015ல் இந்தோனேசியாவில் 26 லட்சம் ஹெக்டேர் எரிந்தது. புகை சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் போய்ப் பள்ளிகளை மூட வைத்தது. எரிந்ததெல்லாம் பனைக்காகவே என்றும் சொல்லக்கூடாது, காகிதக் கூழுக்கு மரம் வளர்க்கிறவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

படத்தில் குரங்கு வந்திருக்கும், ஆள் வந்திருக்க வாய்ப்புக் குறைவு. தமிழர்களான நமக்கு இந்தக் கதையில் ஒரு சொந்தப் பக்கமே இருக்கிறது. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் (அங்குள்ள தமிழர்கள் எண்ணெய்ப்பனையை இப்படித்தான் சொல்வார்கள்) 1917ல் கோலசிலாங்கூர் அருகே தென்னமரம் தோட்டத்தில் போடப்பட்டது. அப்போது நம் ஆட்கள் ரப்பர் தோட்டங்களில் பால் மரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். 1960களுக்குப் பிறகு ரப்பர் விலை சரியச் சரிய, தோட்டம் தோட்டமாக ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை வைத்தார்கள். செம்பனைக்கு அத்தனை கைகள் தேவையில்லை. லயத்து வீடு, கோயில், தமிழ்ப் பள்ளி என்று இரண்டு மூன்று தலைமுறை வாழ்ந்த குடும்பங்கள் நகரத்து ஓரங்களுக்கு நகர்ந்தன, பலர் கையில் ஒன்றுமில்லாமல். அந்த இடத்துக்கு இப்போது இந்தோனேசியர்களும் வங்கதேசத்தவரும் நேபாளிகளும் வருகிறார்கள். ஏஜெண்டுக்குக் கடன் வாங்கிக் கட்டிவிட்டு வருகிறவர்கள் நிறைய. 2020ல் அமெரிக்கச் சுங்கத்துறை இரண்டு பெரிய மலேசிய நிறுவனங்களின் பாமாயிலைக் கட்டாய உழைப்புக் காரணத்துக்காகத் தடுத்தது. அதில் ஒரு நிறுவனம் தொழிலாளர்கள் ஏஜெண்டுகளுக்குக் கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தது, முறைகளை மாற்றியது. 2023ல் அதன் மீதான தடை நீங்கியது.

இந்தக் கடைசி விஷயத்தைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். அமெரிக்கா பாமாயிலையே வேண்டாம் என்று சொல்லவில்லை. 'இந்த இடத்திலிருந்து, இப்படி வந்தது என்றால் வேண்டாம்' என்றது. காட்டு விஷயத்திலும் இப்படி நடந்திருக்கிறது. 2013க்குப் பிறகு பெரிய வியாபார நிறுவனங்கள் ஒவ்வொன்றாகக் காட்டை அழித்தோ பீட் நிலத்தை வடித்தோ வரும் எண்ணெயை வாங்கமாட்டோம் என்று அறிவித்தன, ஐரோப்பியக் கம்பெனிகள் நெருக்கியதால். இந்தோனேசிய அரசும் புதிய அனுமதிகளை நிறுத்திவைத்தது. அடுத்து வந்த வருடங்களில் பனைக்காக அங்கே காடு அழிவது உச்சத்திலிருந்து நன்றாகவே இறங்கியது. நின்றுவிடவில்லை, இறங்கியது.

இப்போது நம்மிடம் வருவோம். சில காலம் முன்பு ஒரு வேலையாகப் பீன்யாவில் ஒரு சின்ன சோப்பு யூனிட்டுக்குப் போயிருந்தேன். உரிமையாளர் தர்மபுரிக்காரர். சோப்பை அங்கே எண்ணெயிலிருந்து காய்ச்சுவதில்லை. விரல் நுனியளவு வெள்ளைத் துண்டுகளாக 25 கிலோ மூட்டையில் வருகிறது, தொழிலில் அதற்கு நூடுல்ஸ் என்று பெயர். மிக்சரில் கொட்டி, சென்ட்டும் கலரும் விட்டுக் கலக்கி, உருளைகளுக்கு நடுவே நசுக்கி, பிளாடர் என்கிற இயந்திரத்தில் தள்ளினால் மறுபக்கம் நீளக் கம்பியாக வெளியே வரும். வெட்டி, பெயர் குத்தினால் சோப்பு. மூட்டையில் 80:20 என்று போட்டிருந்தது. எண்பது பங்கு பாமாயில் கட்டி இறுக, இருபது பங்கு பனங்கொட்டை எண்ணெய் நுரை வர. பல நாடுகளில் அந்த எண்பது முன்பு மாட்டுக் கொழுப்பாக இருந்தது. இங்கே 1983ல் வனஸ்பதியில் மாட்டுக் கொழுப்பு கலந்த விவகாரம் நாட்டையே கலக்கியது ஞாபகமிருக்கலாம். அதற்கப்புறம் 'தாவரக் கொழுப்பு மட்டும்' என்று அட்டையில் போடுவது நம்மூரில் வியாபாரத்துக்கு நல்லது. அந்தத் தாவரம் பெரும்பாலும் பனை.

அவரிடம் இது எந்தத் தோட்டத்து எண்ணெய் என்று கேட்டேன். "ஏஜெண்ட் கொடுக்கறார் சார். அவருக்கு மும்பைலேர்ந்து வருது. மும்பைக்கு மலேசியாவோ இந்தோனேசியாவோ. கஸ்டமருங்க விலை கேப்பாங்க, டி.எஃப்.எம். கேப்பாங்க. எங்க விளைஞ்சதுன்னு யாரும் கேட்டதில்லையே" என்றார்.

எனக்கு நெருடுவது அதுதான். உலகத்திலேயே அதிகம் வாங்குகிற நாடு நாம், அதிகம் கேள்வி கேட்காத நாடும் நாம். குறைவாக வாங்கும் ஐரோப்பா கேட்டதற்கே காடு கொஞ்சம் மூச்சுவிட்டது. அங்கே வேண்டாமென்று ஒதுக்கப்படுகிற எண்ணெய்க்கு நம் துறைமுகங்கள் திறந்தே இருந்தால், அந்தக் கேள்விக்கும் பாதி பலம்தான். 'பாமாயில் இல்லை' என்று எழுதிய 280 ரூபாய் சோப்பு இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை, ஒதுங்கிக்கொள்கிறது. இந்தோனேசியாவில் எண்ணெய்ப்பனை நிலத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் சிறு விவசாயிகள் கையில் இருக்கிறது. எல்லோரும் ஒதுங்கிக்கொண்டால் முதலில் அடிபடுவது அவர்கள்தான். ஆகவே ஒதுங்குகிறவரைவிட, வாங்கிக்கொண்டே கேள்வி கேட்டு நச்சரிக்கிறவருக்குத்தான் என் ஓட்டு.

அப்படிக் கேட்க ஒரு பிடி உண்டு. பாமாயிலுக்குச் சான்றிதழ் தரும் ஆர்.எஸ்.பி.ஓ. என்ற அமைப்பு 2004ல் தொடங்கியது. உலகப் பாமாயிலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதன் சான்று பெற்றது. 2018 முதல் அதன் விதிகள் காடழிப்பையும் பீட் நிலத்தில் புதிதாக நடுவதையும் தடுக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் வேண்டாம். சான்று பெற்ற தோட்டங்கள் மீதும் புகார்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. சான்றிலும் வகைகள் உண்டு. 'மாஸ் பேலன்ஸ்' என்று அட்டையில் இருந்தால், சான்று பெற்ற எண்ணெயும் பெறாததும் ஒரே தொட்டியில் கலந்திருக்கலாம், கணக்குப் புத்தகத்தில் மட்டும் பிரித்திருப்பார்கள். 'செக்ரிகேட்டட்' என்றால் கலக்காமல் வந்தது. பல கை மாறி வரும் ஷாம்பூ வகைகளில் பெரும்பாலும் முதல் வகைதான் இருக்கும். ஒன்றுமே இல்லாததற்கு அது மேல், அவ்வளவுதான்.

சொந்த நாட்டுப் பனை வந்தால் பிரச்சினை தீரும் என்று சிலர் சொல்வார்கள். 2021ல் மத்திய அரசு 11,040 கோடி ரூபாயில் எண்ணெய்ப்பனைத் திட்டம் அறிவித்தது. ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் நெல் வயல் பனையாக மாறினால் கேள்வி நிலத்தடி நீரைப் பற்றியது, காட்டைப் பற்றியதல்ல. வடகிழக்கும் அந்தமானும் அப்படியில்லை. அந்தத் திட்டத்தின் தனிக் கவனம் அங்கேதான். போர்னியோவில் நடந்ததைப் படமாகப் பார்க்கும் பிள்ளைகள் மிசோரத்தைப் பற்றியும் கேட்கட்டும்.

வீட்டில் செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பையில் கட்டிய சோப்பை எடுத்துத் தீர்த்துவிடுங்கள், குப்பையில் போட்டால் அந்த எண்ணெய் காட்டுக்குத் திரும்பாது. உங்கள் பக்கம் போர்வெல், டேங்கர் தண்ணீர்தானே? உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் வெள்ளைப் படிவாகவே பாதி போய்விடும், நாம் மேலும் மேலும் தேய்ப்போம். குளியலறைக்கு மட்டுமாவது தண்ணீரை மென்மையாக்கும் வழி இருந்தால் சோப்புச் செலவு கண்ணுக்குத் தெரிந்து குறையும். பேக்கரி பப்ஸ் வாரத்துக்கு எத்தனை என்று மகளிடமே கேளுங்கள். அங்கே குறைத்தால் குளியலறையில் குறைப்பதைவிடப் பெரிய கணக்கு. 280 ரூபாய் சோப்பு உங்களுக்குப் பிடித்திருந்தால் வாங்குங்கள், காட்டுக்காக என்று வாங்க வேண்டாம்.

கடிதத்தை அவள் எழுதட்டும். ஒவ்வொரு அட்டையிலும் வாடிக்கையாளர் சேவை மின்னஞ்சல் இருக்கும். 'ஏன் பாமாயில் போடுகிறீர்கள்?' என்று எழுதினால் ஒரு நன்றிக் கடிதம் வரும், அவ்வளவுதான். எந்த ஆலையின் எண்ணெய் என்று பட்டியல் வெளியிடுகிறீர்களா, சான்று மாஸ் பேலன்ஸா செக்ரிகேட்டட்டா, ஐரோப்பாவில் விற்கும் உங்கள் சோப்புக்கும் இங்கே விற்பதற்கும் ஒரே விதியா என்று கேட்கச் சொல்லுங்கள். மூன்றாவது கேள்விக்கு என்ன பதில் வருகிறது என்று எனக்கும் தெரிய வேண்டும். வந்தால் அனுப்புங்கள், கம்பெனி பெயரை எடுத்துவிட்டு இங்கே போடுகிறேன்.