குழல் கண்ணாடி மாதிரி இருக்கிறதா?

பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "பறக்கும் களிமண் தட்டைச் சுடும் போட்டிக்காக உரிமம் வாங்கிவிட்டேன். பழைய 12 போர் (bore, குழல் அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 'குழல் கண்ணாடி மாதிரி இருக்கு சார், தேய்மானமே இல்லை' என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?"

தேய்மானம் இல்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். ரைஃபிள் குழலின் உட்புறம் சுருளாக ஓடும் வரிப்பள்ளம் இதில் கிடையாது. ஈயக் குண்டு எஃகை லேசில் தேய்ப்பதில்லை. இந்தக் குழலைக் கெடுப்பவை துருவும் அடியும்தான். அப்புறம், துருவை மறைக்க உள்ளே இழைத்து மெருகேற்றியவரின் கை. அதனால் 'கண்ணாடி' என்றாலே எனக்குச் சந்தேகம் வரும்.

முதலில் துப்பாக்கியைத் திறந்து தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். குழலைத் தனியே கழற்றி, உள்ளே எண்ணெய் போகத் துடைத்துத் தரச் சொல்லுங்கள். எண்ணெய் பூசினால் எந்தக் குழலும் பளபளக்கும். பிறகு அதை ஒரு டியூப் லைட்டை நோக்கிப் பிடித்துப் பாருங்கள். ஒளி வளையம் வளையமாகத் தெரியும். ஒரு வளையம் ஓரிடத்தில் மட்டும் நசுங்கியிருந்தால் வெளியே அடிபட்டிருக்கிறது, பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். சுற்றிலும் ஒரு கறுப்பு வளையம் தெரிந்தால் அது உப்பல். அடைப்போடு சுட்டிருக்கிறார்கள். வைத்துவிட்டு வந்துவிடுங்கள். கண்ணுக்குத் தப்புவது சில சமயம் விரலுக்குத் தட்டுப்படும், வெளிப்புறத்தையும் மெல்லத் தடவிப் பாருங்கள்.

மேலோட்டமான துருப்புள்ளிகளுக்குப் பயப்பட வேண்டாம். கித்தான் உறையோடு பீரோ மேல் கிடந்த துப்பாக்கியில் நம்ம ஊர் ஈரத்துக்கு அது வரத்தான் செய்யும். நாலு புள்ளி உள்ள குழல், இழைத்து மெலிந்த குழலைவிட எவ்வளவோ மேல்.

மெலிந்ததா என்பதை அளந்துதான் சொல்ல முடியும். 12 போரின் உள்விட்டம் சுமார் 18.5 மி.மீ. பழைய பிரிட்டிஷ் துப்பாக்கிகளில் சோதனை முத்திரைக்கு (குழல் தாங்கும் என்று சோதித்துப் பொறித்த அடையாளம்) பக்கத்திலேயே உள்விட்டமும் பொறித்திருக்கும். அதைவிட 0.010 அங்குலத்துக்கு (சுமார் 0.25 மி.மீ.) மேல் கூடியிருந்தால் அந்த முத்திரையை நம்பக் கூடாது. சுவர்க் கனத்துக்குத் தனி அளவுக்கருவி உண்டு; 0.5 மி.மீ.க்குக் கீழே போனால் நான் தொடமாட்டேன்.

குழல்களை ஒரு விரலில் தொங்கவிட்டு மறு கையின் விரல் முட்டியால் தட்டுங்கள். மணி மாதிரி ஒலித்தால் சரி. சத்தம் மந்தமாகவோ அதிர்ந்தோ வந்தால், இரண்டையும் இணைக்கும் பட்டை எங்கோ விட்டிருக்கிறது.

தோட்டா அறையின் நீளத்தையும் கேளுங்கள். பழைய இங்கிலாந்துத் துப்பாக்கிகளில் பல 65 மி.மீ. அறை உள்ளவை, அவற்றில் இன்றைய 70 மி.மீ. தோட்டாவைப் போடக் கூடாது.

கடையில் வாங்காமல் உரிமம் உள்ள ஒருவரிடம் நேரடியாக வாங்குவதானால், விற்பவர் எழுத்து மூலம் அதிகாரிகளுக்குத் தெரிவித்து 45 நாள் கழிந்த பிறகே கை மாற வேண்டும். முன்பணத்தைக் குழலை அளந்து பார்த்த பிறகு கொடுங்கள்.