மாமியாருக்கு மலம் அடக்க முடியவில்லை. வயதானால் இப்படித்தானா?

இப்படித்தான் என்று விட்டுவிட வேண்டியதில்லை. 68 வயது மாமியாரின் உள்ளாடையில் கறை, வெளியே கூப்பிட்டால் வர மறுக்கிறார், கேட்டால் "வயசாச்சு" என்கிறார், வைத்தியம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. எங்கள் அம்மாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

நாங்கள் கண்டுபிடித்ததே துணி காயப்போடும் மூங்கில் கழியைப் பார்த்துத்தான். சிங்கப்பூர் ஈசூனில் வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீடு. விடியற்காலை ஐந்தரைக்கே சமையலறை சன்னலுக்கு வெளியே அம்மாவின் கைலி இரண்டு, சொட்டச் சொட்டத் தொங்கும். சனிக்கிழமை தவறாமல் சிராங்கூன் ரோடு பெருமாள் கோவிலுக்குப் போகிறவர், கால் வலி என்று நிறுத்தியிருந்தார்.

தண்ணீராகப் போகிறது என்றாரே, வயிற்றுப்போக்குதான் என்று நினைத்து போக்கை நிறுத்தும் லோப்பரமைடு மாத்திரையை நானே வாங்கிக் கொடுத்தேன். ஒரே வாரத்தில் கசிவு அதிகமாகிவிட்டது. பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) அம்மா "வயிறு சரியில்லை" என்பதோடு நிறுத்திக்கொண்டார். "தன்னை அறியாமல் போய்விடுகிறது டாக்டர்" என்று நான் போட்டு உடைத்த பிறகுதான் டாக்டர் கையுறை மாட்டி விரலால் பரிசோதித்தார். மலக்குடல் முழுக்கக் கல் மாதிரி இறுகிய மலம்! அதைத் தாண்டி ஓரமாக ஒழுகியதைத்தான் நாங்கள் போக்கு என்று நம்பியிருக்கிறோம். ரத்தசோகைக்காகச் சாப்பிட்ட இரும்புச்சத்து மாத்திரை ஏற்கெனவே மலத்தைக் கட்டியாக்கிக்கொண்டிருக்க, நான் கொடுத்தது குடலை இன்னும் மந்தமாக்கிவிட்டது. எனிமா, அப்புறம் தினமும் மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் சிரப். பாதிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்தது. அதனால் எது கசிவு, எது போக்கு, எது அடைப்பு என்று வீட்டில் முடிவு கட்டாதீர்கள்.

மீதிப் பாதிக்கு அரசாங்க மருத்துவமனைக்குக் கடிதம் கொடுத்தார்கள் (பலதுறை மருந்தகம் வழியாகப் போனால் அரசாங்க மானியம் கழித்த கட்டணம்). அங்கே முதல் கேள்வி, எத்தனை பிரசவம் என்பது. அண்ணனை ஆயுதம் போட்டு எடுத்தார்களாம். ஆசனவாயில் இரண்டு வளையத் தசைகள் இருக்கின்றன. உள்ளே இருப்பது தானாக இறுகி நிற்கும். வெளியே இருப்பதை நாம் இறுக்குகிறோம். பிரசவத்தில் கிழிந்தது வயசுக் காலத்தில் வெளிப்படுவது சாதாரணம் என்றார் மருத்துவர். ஸ்கேனில் பழைய கிழிசல் தெரிந்தது, அழுத்தம் பார்க்கும் சோதனையிலும் பிடி குறைவு.

அறுவை சிகிச்சை என்று பயந்தோம், அதற்குப் போகவில்லை. இயன்முறைச் சிகிச்சையாளர் சின்னக் கருவி ஒன்றை உள்ளே வைத்துப் பயிற்சி கொடுத்தார். தசையை இறுக்கினால் திரையில் கோடு ஏறும். அம்மாவுக்கு அது விளையாட்டாகிவிட்டது, "இன்னிக்கு எவ்வளவு ஏறிச்சு பாத்தியா" என்பார். வீட்டிலும் அதே பயிற்சிதான்: நாலு பேர் நடுவில் காற்று பிரியாமல் அடக்குவோமே, அப்படி இறுக்கி விட வேண்டும். மூன்று மாதம் விடாமல் செய்யச் சொன்னார்கள். இதெல்லாம் போதாதவர்களுக்கு நரம்பைத் தூண்டும் கருவியைப் பொருத்துவது, தசையைத் தைப்பது என்று வழிகள் இருக்கின்றன.

இன்னொன்று, சாப்பிட்டதும் குடல் அசையும். பசியாறி, கோப்பி குடித்து இருபது நிமிடத்தில், காலடியில் குட்டி ஸ்டூல் போட்டுக் கழிவறையில் உட்காரச் சொல்லுங்கள். கழுவியபின் ஈரத்தை ஒற்றியெடுத்துவிட்டு ஸிங்க் களிம்பு தடவினால் எரிச்சல் அடங்கும்.

மாமியாருக்கு நீரிழிவு இருக்கிறதா? அதற்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை சிலருக்கு மலத்தை இளக்கும். நீங்களாக நிறுத்த வேண்டாம், டாக்டரிடம் சொன்னால் மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றிப் பார்ப்பார். நீரிழிவால் நரம்பு தளர்ந்தாலும் கசியும், அதையும் கேளுங்கள்.

ரத்தம் போனாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, மலம் போகும் பழக்கம் திடீரென மாறினாலோ தள்ளிப்போடாதீர்கள். காலும் இடுப்பும் மரத்துப்போய் இப்படி ஆனால் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

அம்மாவுக்கு முழுக்கச் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். மாதத்தில் ஓரிரு நாள் கறை படும். கோவிலுக்குப் போகிறார், கைப்பையில் திருநீற்றுப் பொட்டலத்தோடு ஒரு மாற்று உள்ளாடையும் இருக்கும்.