கையெழுத்து யாருடையது? சோலார் தொழிலில் இறங்கத் துடிக்கும் மகனின் அம்மாவுக்கு

அக்கா, வணக்கம்.

நீங்கள் எழுதியதை நிதானமாகப் படித்தேன். மகன் பள்ளியின் கடைசி வருஷமான மேட்ரிக் படிக்கிறான். மேத்ஸ், ஃபிசிக்கல் சயின்ஸ் இரண்டிலும் மார்க் மோசமில்லை. அவனை சி.ஏ. ஆக்கிப் பார்க்க வேண்டும் என்பது உங்கள் ஆசை. அவனோ யூனிவர்சிட்டிக்கு விண்ணப்பமே போட மாட்டேன், நண்பனின் அண்ணன் நம் டர்பன் ஃபீனிக்ஸில் நடத்தும் சோலார் கம்பெனியில் பங்காளியாகச் சேரப் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். போதாக்குறைக்கு வீட்டுக்காரரும் பென்ஷன் பணத்தில் கொஞ்சம் எடுத்துக் கொடுக்கலாமா என்று யோசிக்கிறார்.

பையனின் ஆசையில் தப்பில்லை. தென்னாப்பிரிக்காவில் மின்சாரத்தைச் சுற்றி இன்னும் பல வருஷத்துக்கு வேலை இருக்கிறது, சொந்தத் தொழிலுக்கும் இடம் இருக்கிறது. ஆனால் கடைசியில் செய்ய வேண்டியதை அவன் முதலில் செய்யப் பார்க்கிறான்.

“காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ளணும் ஆண்ட்டி” என்று அந்தக் கம்பெனிக்காரத் தம்பி உங்களிடம் சொன்னாராமே. அந்தக் காற்று பலமாக அடித்தது 2023 இல். அந்த வருஷம் 330 நாட்களுக்கு மேல் லோட்ஷெடிங், அதாவது முறைவைத்த மின்வெட்டு இருந்தது. இருட்டுக்குப் பயந்தே ஜனங்கள் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வாங்கினார்கள். பேனல் விலையில் 25 சதவீதம், அதிகபட்சம் 15,000 ராண்ட் வரை வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று அரசாங்கமும் ஒரு வருஷத்துக்குச் சலுகை கொடுத்தது. நாட்டில் கூரை மேல் இருந்த சோலார் 2022 மார்ச்சில் ஆயிரம் மெகாவாட்டுக்கும் குறைவு. 2023 நடுவிலேயே அது நாலாயிரத்தைத் தாண்டிவிட்டது என்பது அரசு மின்சார நிறுவனமான எஸ்காமின் கணக்கு. பக்கியும் (சின்ன சரக்கு வண்டி) ஏணியும் வைத்திருந்தவர்கள் எல்லாம் அப்போது சோலார் கம்பெனி முதலாளிகள்.

2024 மார்ச் கடைசியில் லோட்ஷெடிங் நின்றது. பத்து மாதம் எட்டிப் பார்க்கவில்லை. 2025 இல் அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்து போனதோடு சரி. வரிச் சலுகையும் 2024 பிப்ரவரியோடு முடிந்திருந்தது. அதே சமயத்தில் உலகச் சந்தையில் பேனல் விலை சரிந்ததால், முன்பு அதிக விலைக்கு வாங்கிக் கிடங்கில் அடுக்கியவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள். போதாததற்கு 2024 ஜூன் கடைசியில் இறக்குமதிப் பேனலுக்கு 10 சதவீதச் சுங்க வரி வேறு வந்தது. மகன் கனவு காணும் அந்தக் கம்பெனி எந்த வருஷம் தொடங்கியது என்று கேட்டுப் பாருங்கள். 2023 க்குப் பிறகும் தாக்குப்பிடித்து நிற்கிறது என்றால் அது ஒரு நல்ல அடையாளம்.

அதற்காகத் தொழிலே போய்விட்டது என்று அர்த்தமில்லை. எஸ்காம் கட்டணம் 2023 இல் 18.65 சதவீதம் ஏறியது. அடுத்த இரண்டு வருஷமும் 12 சதவீதத்துக்கு மேல் ஏறியது. ஆகவே சோலார் வாங்க இன்றைக்கும் காரணம் இருக்கிறது, வாங்குகிற ஆள்தான் மாறிவிட்டார். இருட்டுக்குப் பயந்தவர் விலையைப் பற்றி அதிகம் பேசவில்லை. பில்லுக்குப் பயப்படுகிறவர் போட்ட பணம் எத்தனை வருஷத்தில் திரும்பி வரும் என்று கேட்கிறார். டர்பன் வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் சராசரியாக ஒரு நாளைக்கு நாலு யூனிட் தரும். அதில் வீட்டார் எவ்வளவை நேரடியாகச் செலவழிப்பார்கள், எவ்வளவு பேட்டரிக்குப் போகும், எவ்வளவு வீணாகும் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டத் தெரிந்தவனுக்குத்தான் இனி வியாபாரம்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வீட்டில் சோலார் மாட்டி முடித்ததும் ‘சிஓசி’ என்று ஒரு சான்றிதழ் கொடுக்க வேண்டும், வயரிங் விதிப்படி இருக்கிறது என்பதற்கு. அதில் கையெழுத்துப் போட எல்லோராலும் முடியாது. தொழிலாளர் துறையில் பதிவு செய்த ஆள் மட்டுமே போடலாம். நம் ஆட்கள் ‘வயர்மேன் லைசென்ஸ்’ என்று சொல்வது இதைத்தான். அந்தத் தாள் இல்லாத வீட்டில் நாளைக்கு டிபி போர்டு (மெயின் ஸ்விட்ச் பெட்டி) தீப்பிடித்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடும். வீட்டை விற்கும்போதும் அந்தத் தாள் வேண்டும். முனிசிபாலிட்டியில் பதிவு செய்யப் பல இடங்களில் இதற்கு மேலே ஒரு பதிவு பெற்ற பொறியாளரின் கையெழுத்தையும் கேட்டு வந்திருக்கிறார்கள்.

இந்தத் தொழிலில் கூலி வேறு, லாபம் வேறு. கூரையில் ஏறி பேனல் மாட்டும் பையனுக்கு நாள் கூலி. கையெழுத்துப் போடுகிறவர் ஒவ்வொரு வேலைக்கும் தன் பங்கை எடுத்துக்கொண்டு போகிறார். அவர் ஒருநாள் வேறு கம்பெனிக்குப் போய்விட்டால், பெயர்ப்பலகை மாட்டிய முதலாளி அன்றைக்கு ஒரு வேலையைக்கூட முடித்துக் கொடுக்க முடியாது. உங்கள் மகன் அந்தக் கம்பெனியில் பங்காளியாகச் சேர்ந்தால் அவனிடம் இருப்பது என்ன? உங்கள் வீட்டுக்காரரின் பணமும் அவனுடைய உற்சாகமும். பணம் ஒரு வருஷத்தில் கரைந்துவிடும்.

அடுத்தது முன்பணம். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது தெரியாது, ஆனால் சின்ன சோலார் கம்பெனிகள் முக்கால்வாசி இதில்தான் விழுகின்றன. ஒரு வீட்டுக்கு ஐந்து கிலோவாட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் பேனலும் சேர்த்து ஒரு லட்சம் ராண்டைச் சுலபமாகத் தாண்டும். வாடிக்கையாளர் அறுபது, எழுபது சதவீதம் முன்பணம் தருவார். சப்ளையர் புதுக் கம்பெனிக்குக் கடன் கொடுக்க மாட்டார், ரொக்கம் கேட்பார். நடுவில் பக்கிக்கு கியர்பாக்ஸ் போகும், ஆளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியிருக்கும். திங்கட்கிழமை வந்த நாயுடு அங்கிளின் முன்பணத்தில், போன மாதம் பணம் கட்டிய பிள்ளை ஆண்ட்டிக்கு பேட்டரி வாங்குவார்கள். புது ஆர்டர் வந்துகொண்டே இருக்கும்வரை யாருக்கும் தெரியாது. ஒரு மாதம் ஆர்டர் வராவிட்டால், கோயில் வாசலில் நிறுத்தி வைத்துக் கேட்பார்கள். யாரும் திருட வேண்டும் என்று நினைத்து இப்படிச் செய்வதில்லை. ஒவ்வொரு வேலையின் பணத்தையும் தனியாக வைக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். இந்த இடத்தில் நீங்கள் ஆசைப்படும் கணக்குப் படிப்புக்கும் மரியாதை இருக்கிறது என்பதை மகனிடம் சொல்லுங்கள்.

தம்பி, அம்மா இதை உன்னிடம் காட்டுவார்கள் என்று தெரியும், அதனால் உனக்கும் சில வார்த்தை. நீ பார்க்க வேண்டிய சந்தை புதுப் பேனல் மாட்டுவதில் மட்டும் இல்லை. 2022, 2023 இல் அவசரத்தில் மாட்டிய சிஸ்டங்கள் டர்பன் முழுக்க இருக்கின்றன. மாட்டிய கம்பெனி பலவற்றுக்கு இன்றைக்கு ஃபோன் அடித்தால் எடுக்க ஆளில்லை. பேனலுக்கு 25 வருஷ உத்தரவாதம், மாட்டியவனுக்கு இரண்டு வருஷம்கூட ஆயுள் இல்லை. அப்படிப்பட்ட ஒரு கூரையில் ஏறிப் பார். இரண்டு வேறு கம்பெனிகளின் கனெக்டரை ஒன்றோடொன்று செருகியிருப்பார்கள், பொருத்தம் சரியில்லாமல் சூடேறிப் பிளாஸ்டிக் கறுத்திருக்கும். கடல் காற்றில் மலிவு போல்ட் துரு பிடித்திருக்கும். மழைத் தண்ணீர் ஓடு உடைந்த இடம் வழியாக சீலிங்கில் இறங்கியிருக்கும். இதையெல்லாம் சோதித்து, அறிக்கை எழுதி, சரிசெய்து, புது சிஓசி கொடுப்பவனுக்கு வேலை பஞ்சமே இல்லை. பெரிய முதலும் வேண்டாம். ஆனால் அந்தக் கையெழுத்து வேண்டும்.

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துப் பழைய கவுன்சில் வீடுகள் பலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை இருப்பதும் உனக்குத் தெரியும். அதில் டிரில் போடுவது உடம்புக்கும் ஆபத்து, சட்டத்துக்கும் ஒத்துவராது. 2020 இல் வந்த விதிகளின்படி அதற்குத் தனிப் பதிவு பெற்றவர்களைத்தான் கூப்பிட வேண்டும். உன் நண்பனின் அண்ணன் அந்தக் கூரைகளில் எப்படி வேலை செய்கிறார் என்று கேள். “அதெல்லாம் பார்த்துக்கலாம்” என்றால் நீ அந்தக் கூரையில் ஏறாதே.

ஸ்டார்ட்-அப் என்றதும் பேனலைத் தவிர வேறெதுவும் நினைவுக்கு வராமல் போவதும் ஒரு குறை. இங்கே ஒரு வீட்டுக் கரண்ட் பில்லில் பெரும் பங்கைத் தின்பது கீசர். சாதாரண 150 லிட்டர் கீசரில் பெரும்பாலும் மூன்று கிலோவாட் எலிமெண்ட் இருக்கும். எப்போது சுட வைப்பது, எப்போது நிறுத்துவது என்பதைத் தானாகவே கவனித்துக்கொள்ளும் ஒரு கருவியை வைத்தே கேப்டவுனில் பிளென்டிஃபை என்று ஒரு கம்பெனி வளர்ந்தது. புத்தியை எங்கே செலுத்துவது என்பதற்கு அது நல்ல உதாரணம். தினமும் வீட்டில் பார்க்கிற பொருள்தான்.

சரி, வழிகளைப் பார்ப்போம். முதல் வழி, எலெக்ட்ரீஷியன் அப்ரன்டிஸ். மேத்ஸும் சயின்ஸும் இருப்பதால் கதவு திறந்தே இருக்கிறது. டர்பனிலேயே தெக்வினி, கோஸ்டல் போன்ற டிவிஇடி (தொழிற்பயிற்சி) கல்லூரிகள் இருக்கின்றன. படிப்பும் பட்டறை வேலையுமாக மூன்று, நாலு வருஷம், அப்புறம் டிரேட் டெஸ்ட். தேறினால் ரெட் சீல் என்கிற தொழில் சான்றிதழ். அதற்கு மேல் இன்ஸ்டலேஷன் ரூல்ஸ் பரீட்சை எழுதினால் வயர்மேன் பதிவு. பயிற்சிக் காலத்திலேயே சின்ன உதவித்தொகை கிடைக்கும். கடினமான பகுதி படிப்பு இல்லை, அப்ரன்டிஸாக எடுத்துக்கொள்ளும் முதலாளியைக் கண்டுபிடிப்பது. அந்த ஃபீனிக்ஸ் கம்பெனி உண்மையிலேயே பையனை விரும்பினால் பங்காளியாக வேண்டாம், பதிவு செய்த அப்ரன்டிஸாக எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இரண்டாவது, டர்பன் யூனிவர்சிட்டி ஆஃப் டெக்னாலஜியில் பவர் எஞ்சினியரிங். மூன்று வருஷப் பட்டம். வெளியே வந்து அனுபவம் சேர்த்து பொறியாளர் கவுன்சிலான இசிஎஸ்ஏவில் பதிவு செய்துகொண்டால் எலெக்ட்ரீஷியனின் வேலைக்கு மேலே கையெழுத்துப் போடுகிற இடத்துக்கு வரலாம். என்னைக் கேட்டால் இந்தப் பையனுக்கு இதுதான் பொருத்தம். தயவுசெய்து கடைசி நேரத்தில் மார்க்குக்குப் பயந்து மேத்ஸை விட்டு, சுலபமான மேத்ஸ் லிட்டரசிக்கு மாற மட்டும் விடாதீர்கள். மாறினால் இந்த வழி அடைபட்டுவிடும்.

மூன்றாவது, சி.ஏ. ஆவதற்காக நீங்கள் சொல்லும் பி.காம். 2023 ஜனவரியிலிருந்து தனியார் எத்தனை மெகாவாட் மின் நிலையம் வேண்டுமானாலும் உற்பத்தி லைசென்ஸ் இல்லாமல், பதிவு மட்டும் செய்து கட்டலாம் என்று சட்டம் மாறியிருக்கிறது. மால்களும் ஃபேக்டரிகளும் பல வருஷ ஒப்பந்தம் போட்டு மின்சாரம் வாங்குகின்றன. அந்த ஒப்பந்தத்துக்குக் கணக்குப் போட ஆள் வேண்டும். ஆனால் பையனுக்கு ஸ்குரூடிரைவர் பிடிக்கத்தான் கை துடிக்கிறது என்றால் கட்டாயப்படுத்திச் சேர்க்காதீர்கள். இரண்டாம் வருஷத்தில் பாதியில் விட்டுவிட்டு வருவான், ஃபீஸும் போகும்.

பென்ஷன் விஷயத்தில் நான் கறாராகவே சொல்கிறேன். 2024 செப்டம்பரிலிருந்து, பென்ஷன் நிதியின் சேமிப்புப் பகுதியான ‘சேவிங்ஸ் பாட்’டிலிருந்து வருஷத்துக்கு ஒரு முறை எடுக்கலாம் என்று வந்ததும் நிறைய வீடுகளில் இதே யோசனைதான். எடுக்கிற தொகை அந்த வருஷச் சம்பளத்தோடு சேர்ந்து வரிக்கு உட்படும் என்பதை வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். கையில் வருவது நினைத்ததைவிடக் குறைவாக இருக்கும், அறுபது வயதில் இருக்க வேண்டியதும் குறையும். பாண்டை, அதாவது வீட்டுக் கடனை, உயர்த்திக் கொடுப்பது அதைவிட மோசம். பையனுக்குத் தொழில் கைவந்த பிறகு, 18 முதல் 35 வயது வரை உள்ள குடிமக்களுக்கு அரசின் இளைஞர் மேம்பாட்டு அமைப்பான என்ஒய்டிஏவின் மானியம் இருக்கிறது. சின்னத் தொழிலுக்குக் கடனும் ஆலோசனையும் கொடுக்கும் அரசு அமைப்புகளை 2024 அக்டோபரில் ஒன்றாகச் சேர்த்து செட்ஃபா என்று ஆக்கியிருக்கிறார்கள். கம்பெனி பதிவுக்கு இருநூறு ராண்டுகூட ஆகாது. “இந்தியர்களுக்கு டெண்டர் கிடைக்காது” என்று வீட்டில் பேச்சு இருப்பதாக எழுதியிருந்தீர்கள். கறுப்பினத்தவருக்குத் தொழிலில் முன்னுரிமை தரும் பிபிபிஇஇ சட்டத்தில் ‘பிளாக்’ என்ற வரையறைக்குள் இந்தியத் தென்னாப்பிரிக்கர்களும் வருகிறார்கள். போட்டி இருக்கிறது, அது வேறு விஷயம்.

“எங்கள் குடும்பத்தில் யாரும் தொழில் செய்ததில்லை” என்கிறீர்கள். உங்கள் மாமியாரிடம் கேட்டுப் பாருங்கள். 1860 முதல் இங்கே கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களில் பலர், ஒப்பந்தம் முடிந்த கையோடு ஒரு துண்டு நிலம் பிடித்துக் காய்கறி போட்டு டர்பன் சந்தைக்குச் சுமந்தவர்கள். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு தாத்தா இருந்திருக்கக்கூடும்.

அடுத்த வாரம் அந்தக் கம்பெனிக்காரத் தம்பியை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். சாப்பாடு போட்டுவிட்டு மூன்று தாள்கள் கேளுங்கள்: கடைசியாகக் கொடுத்த சிஓசியின் நகல், அதில் யார் கையெழுத்து என்று பார்க்க, தொழிலாளர் இழப்பீட்டு நிதியிலிருந்து வரும் லெட்டர் ஆஃப் குட் ஸ்டாண்டிங், ஏனென்றால் உங்கள் பையன் கூரையிலிருந்து விழுந்தால் ஆஸ்பத்திரிச் செலவு அதைப் பொறுத்தது, மூன்றாம் நபர் சேதத்துக்கான இன்ஷூரன்ஸ். மூன்றும் இருந்தால் பையன் பள்ளி லீவில் அங்கே தினக்கூலிக்குப் போகட்டும், நான் தடுக்க மாட்டேன். வெயிலில் ஓட்டின் மேல் நாலு நாள் உட்கார்ந்து பார்த்தால் அவனுக்கே தெரியும், இது பிடிக்கிறதா இல்லையா என்று.

அதற்கிடையில் யூனிவர்சிட்டிகளுக்கான பொது விண்ணப்ப மையமான சிஏஓவில் விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். யூகேஇசட்என் (குவாசூலு-நாட்டால் யூனிவர்சிட்டி), டியூடி (மேலே சொன்ன டர்பன் யூனிவர்சிட்டி ஆஃப் டெக்னாலஜி) இரண்டுக்கும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். டியூடி பவர் எஞ்சினியரிங்கை முதல் விருப்பமாகவும் உங்கள் பி.காமை அடுத்ததாகவும் எழுதலாம். கடைசித் தேதிக்கு முந்தைய வாரம் அந்த இணையதளம் படுத்துக்கொள்ளும், இப்போதே முடித்துவிடுவது நல்லது.