பதில்: இரவில் குரோம்புக்கை விடாத மகன்

சகோதரி, சிங்கப்பூரில் உயர்நிலை 1 படிக்கும் மகன் பள்ளிப் பாடத்துக்கான குரோம்புக் மடிக்கணினியில் நள்ளிரவு வரை வீடியோ பார்க்கிறான், கேட்டால் வீட்டுப்பாடம் என்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து பிடுங்கி வைக்காதீர்கள். கல்வி அமைச்சின் இணையவழி மாணவர் கற்றல் தளத்தில் உண்மையாகவே பாடம் இருக்கலாம்.

பள்ளி நேரத்துக்குப் பிறகு மடிக்கணினியை எப்படிக் கட்டுப்படுத்துவது என்று பெற்றோரிடம் கேட்பார்கள்; அதில் நீங்கள் எதைத் தெரிவு செய்தீர்கள் என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். வேண்டாம் என்று குறித்திருந்தால், மடிக்கணினியின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் சாதன நிர்வாகச் செயலி பள்ளி நேரத்துக்குப் பிறகு வீட்டில் எதையும் தடுக்காது. வீட்டிலும் கட்டுப்பாடு தொடரும் கல்வி அமைச்சின் வழக்கமான அமைப்புக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். எடுசேவ் எனும் அரசாங்கக் கல்விக் கணக்கின் பணத்தில் வாங்கியிருந்தாலும் இந்தத் தெரிவு பெற்றோருடையதுதான்.

சார்ஜர் வரவேற்பறையிலேயே இருக்கட்டும். இரவில் உங்கள் கைப்பேசியையும் அங்கேயே வையுங்கள், இல்லாவிட்டால் அவன் ஒப்பமாட்டான். ஆசிரியருக்கு நாளைக்கே எழுதிவிடுங்கள்.