கேட்டை அடைக்கும் கார், எரியாத விளக்கு: ஒரே மனுவில் எழுதாதீர்கள்

கேள்வி: மடிப்பாக்கத்தில் சொந்த வீட்டில் இருக்கிறோம். பக்கத்து அடுக்குமாடிக்கு வருகிறவர்கள் எங்கள் கேட்டை அடைத்துக் காரை நிறுத்திவிட்டுப் போகிறார்கள். மதில் முழுக்க டியூஷன், கடன் நோட்டீஸ்கள். தெருமுனை விளக்கு மூன்று வாரமாக எரியவில்லை. மகள் வேலை முடிந்து இரவு பத்து மணிக்குத்தான் வருகிறாள். மூன்றையும் எழுதி மனு கொடுத்தும் பதில் இல்லை. பணம் கொடுத்தால் கேட்டுக்கு எதிரே ‘நோ பார்க்கிங்’ பலகை வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். ஒரு ரூபாய்கூட வேண்டாம். எங்கே வண்டி நிறுத்தலாம், எங்கே கூடாது என்று முடிவு செய்யும் அதிகாரம் மோட்டார் வாகனச் சட்டப்படி அரசுக்கும் அது அதிகாரம் கொடுத்த அலுவலருக்கும்தான் உண்டு. இடைத்தரகர் மாட்டிவிட்டுப் போகும் பலகை வெறும் தகரம். ‘சங்கம் மூலமாக மஞ்சள் கோடு போட்டு வீட்டுக்கு ஒரு எண் ஒதுக்குகிறோம்’ என்று வருகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். வசூல் முடிந்ததும் அவர்கள் போன் எடுப்பதில்லை. உங்கள் வீட்டுக்கு முன்னால் இருந்தாலும் அது பொதுச் சாலை. அதை யாரும் உங்களுக்கு விற்க முடியாது.

அந்தப் பலகை உங்களுக்குத் தேவையும் இல்லை. வீட்டு வாசலை அடைத்து வண்டி நிறுத்தக்கூடாது என்று ஓட்டுநர்களுக்கான விதிகளே சொல்கின்றன. போக்குவரத்துக் காவல் உதவி எண் 103. கார் எண்ணும் கேட்டும் ஒரே படத்தில் தெரியும்படி போட்டோ எடுத்துக்கொண்டு கூப்பிடுங்கள். நிறுத்தக்கூடாத இடத்தில் நிற்கும் வண்டியையோ, பொது இடத்தில் ஆளில்லாமல் 10 மணி நேரம் நிற்கும் வண்டியையோ இழுத்துச் செல்ல, சட்டத்தின் 127ஆம் பிரிவு சீருடைக் காவலருக்கு அதிகாரம் கொடுக்கிறது. செலவு வண்டிக்காரருடையது. கோபத்தில் டயரில் காற்றைப் பிடுங்கிவிடாதீர்கள். சாலையில் கல், பூந்தொட்டி, இரும்புச் சட்டம் எதையும் வைக்காதீர்கள். வைத்தால் நீங்கள்தான் ஆக்கிரமிப்பு செய்தவர் ஆவீர்கள். புகார் உங்கள் பக்கம் திரும்பும்.

விளக்குக்கு மாநகராட்சியின் 1913. கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைச் சொல்லுங்கள், புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இங்கேதான் எனக்கு ஆத்திரம் வருகிறது. விளக்கு இருட்டாகவே இருக்கும், ‘சரிசெய்யப்பட்டது’ என்று போனுக்குச் செய்தி வந்துவிடும். களத்தைப் பார்க்காமல் புகாரை மூடுவது எந்த ஊர் நியாயம்? அப்படி வந்தால் அன்றிரவே விளக்கைப் படம் எடுத்து, பழைய எண்ணைக் குறிப்பிட்டுத் திரும்பப் பதியுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மண்டல அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் மனு: இந்தப் புகார் எண்ணின்மேல் யார், எந்தத் தேதியில், என்ன செய்தார்? 30 நாளில் பதில் தர வேண்டும். இந்த மனுவை வெள்ளைத் தாளில் நீங்களே எழுதலாம்; அலுவலக வாசலில் உட்கார்ந்து எழுதித் தருகிறவரிடம் போக வேண்டியதில்லை.

உங்கள் பகுதியில் ஒரு சிக்கல் வரக்கூடும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மடிப்பாக்கம் 2011இல்தான் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவு என்றால், மனை போட்டவர் சாலைகளைத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்திருப்பார். ஊராட்சிக் காலத்து அங்கீகாரமில்லாத மனைப்பிரிவு என்றால், தெரு இன்னும் அவர் பெயரிலேயே இருக்கலாம். அப்போது ‘இது தனியார் தெரு’ என்று கைவிரிப்பார்கள். தகவல் மனுவிலேயே இன்னொரு கேள்வியும் சேருங்கள்: எங்கள் தெரு மாநகராட்சிக்கு ஒப்படைக்கப்பட்டதா, எந்தப் பத்திர எண்ணில்? ஆனால் ஒன்று. பொதுமக்களுக்குப் போய்வர உரிமை உள்ள தெருவோ சந்தோ எதுவானாலும் அது மோட்டார் வாகனச் சட்டப்படி ‘பொது இடம்’தான். நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பது அங்கே கேள்வியே இல்லை. அதனால் ‘தனியார் தெரு’ என்ற பதிலை விளக்குக்காக மாநகராட்சி சொல்லலாம். காருக்காகப் போலீஸ் சொல்ல முடியாது. இந்த வித்தியாசம் தெரியாமல் பாதிப் பேர் காவல் நிலையத்திலிருந்தே திரும்பிவிடுகிறார்கள்.

நோட்டீஸ் விஷயம் சுலபம். திறந்தவெளி இடங்கள் அழகு கெடாமல் தடுக்கத் தமிழ்நாட்டில் 1959இலேயே சட்டம் வந்துவிட்டது. ஒட்டிய பையனைத் தேடி அலையாதீர்கள். நோட்டீஸிலேயே போன் எண் இருக்கிறது. கிழிப்பதற்கு முன் படம் எடுத்து, அந்த எண்ணோடு காவல் நிலையத்தில் தனியாக ஒரு புகார் கொடுங்கள்.

மூன்றும் மூன்று மேசைகள். சேர்த்து எழுதினால், மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று ஒவ்வொருவரும் தள்ளிவிடுவார்கள். உங்கள் மனுவுக்கும் அதுதான் நடந்திருக்கும். முதலில் விளக்கு. கம்பத்து எண்ணைப் பகலிலேயே நீங்கள் போய்ப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். இரவில் மகளை அனுப்ப வேண்டாம்.